மலையேறிய காந்தம்

கல்யாண வீட்டில் பந்தி விரிக்கப் போகிற நேரம் பார்த்து, "நீரு மட்டும் கொஞ்சம் தெக்கே போயிட்டு வாரும்வே" என்று ஒருத்தரை எழுப்பி அனுப்பினால் அவர் மனசு என்ன பாடுபடும்? அகத்தியருக்கு அப்படித்தான் ஆயிற்று. சிவன் பார்வதி கல்யாணத்துக்கு மூவுலகமும் கைலாசத்தில் திரள, பாரம் தாங்காமல் வடக்கு தாழ்ந்து தெற்கு தூக்கிக்கொண்டது. சமன் செய்ய ஆள் வேண்டும். இந்தக் குள்ள முனி ஒருத்தர் போதும், அத்தனை பேருக்கும் ஈடு என்று மாப்பிள்ளையே சிபாரிசு செய்தார். அது புகழ்ச்சியா, ஆளைக் கழற்றிவிடும் சூட்சுமமா என்று புராணம் விளக்கவில்லை. கமண்டலத்தைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தவர் பொதிகையில் உட்கார்ந்தார். நம் தென்கோடிக் காட்டில் முகாம் போட்ட முதல் ஆசாமி அவர்தான். சொந்த விருப்பத்தில் போடவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது ஆள் அனுமார். ஒரு மூலிகை பறித்து வா என்றால் எது என்று அடையாளம் தெரியாமல் மலையையே பெயர்த்துக்கொண்டு பறந்தார். வழியில் சிந்திய துண்டுதான் சுசீந்திரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் நடுவே நிற்கிற மருந்துவாழ்மலை என்பது எங்கள் பக்கத்து வழக்கு. காட்டுக்குப் போகிறவன் தேவைக்கு மேல் சுமக்கிற கெட்ட பழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது என்பது என் கணிப்பு. அதே மலையில் பிள்ளைத்தடம் என்ற குகையில் பிற்காலத்தில் நாராயண குரு வந்து தங்கித் தவமிருந்தார். அவர் ஒன்றும் சுமந்து வரவில்லை. ஆனால் அப்படிப்பட்டவர்களை வைத்துத் தமாஷ் எழுத முடியாது. எனவே மூன்றாவது ஆளிடம் போவோம்.

மூன்றாவது ஆள் முனிவருமில்லை, வானரமுமில்லை. ஸ்காட்லாந்துக்காரர். பெயர் ஜான் ஆலன் ப்ரௌன். 1817-இல் டம்ஃப்ரீஸ் என்ற ஊரில் பிறந்தவர். அகத்தியர் உட்கார்ந்த அதே அகத்தியர்மலைக்கு ஒரு காந்தத்தைத் தூக்கிக்கொண்டு போனார். துல்லியமாகச் சொன்னால், தூக்கவைத்துக்கொண்டு போனார்.

இந்தப் பைத்தியத்துக்கு விதை போட்டவர் இன்னொரு வெள்ளைக்காரர். ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசாங்கத்தின் வியாபார முகவராக இருந்த ஜான் கால்டிகாட். பகலில் சரக்குக் கணக்கு, ராத்திரியில் நட்சத்திரக் கணக்கு. இவருடைய வானம் பார்க்கும் மோகம் சுவாதித் திருநாள் மகாராஜாவின் காதுக்கு எட்டிற்று. பாட்டு எழுதுகிற ராஜா அவர். ராகத்துக்கு ஒதுக்கியது போக ராகுவுக்கும் கொஞ்சம் ஒதுக்கினால் என்ன என்று தோன்றியிருக்க வேண்டும். 1837-இல் திருவனந்தபுரத்தில் ஒரு வானாய்வு நிலையம் எழும்பியது. கால்டிகாட்டே அதற்குத் தலைவர்.

நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். தோவாளையிலும் அகஸ்தீஸ்வரத்திலும் எங்கள் பாட்டன் பூட்டன் சேற்றில் நின்று விளைவித்து, வரியாக அளந்து கொடுத்த நெல்லும் அந்தத் தொலைநோக்கிக்குள் போயிருக்கிறது. ஆகவே இந்தக் கதையைக் கேலி பண்ண எனக்குப் பரம்பரை பாத்தியதை உண்டு.

நிலையம் வந்த கொஞ்ச காலத்தில் ஐரோப்பாவில் காந்தப் பைத்தியம் முற்றியது. திசைகாட்டி முள் சரியான வடக்கைக் காட்டுவதில்லை என்பது கப்பலோட்டிகளுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். காட்டுகிற தப்பான வடக்கையாவது ஒழுங்காகக் காட்டுகிறதா என்றால் அதுவும் கிடையாது. காலையில் கொஞ்சம் இந்தப் பக்கம், உச்சிக்குப் பிறகு கொஞ்சம் அந்தப் பக்கம் என்று தினமும் இம்மியளவு நகர்கிறது. ஏன் நகர்கிறது? ஹம்போல்ட், காஸ், சபின் என்று பெரிய தலைகளெல்லாம் இதற்காக உறக்கம் கெட்டன. உலகம் பூராவும் காந்த நிலையங்கள் வைத்து ஒரே நேரத்தில் முள்ளைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பினார்கள். இந்தக் காரியத்துக்குக் காந்தச் சிலுவைப்போர் என்றே பெயர். யாரும் யாரையும் வெட்டவில்லை என்பதால் மற்றச் சிலுவைப்போர்களைவிட மேலானது.

திருவனந்தபுரத்துக்கு இதில் ஒரு மவுசு உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு அதன் பக்கத்தில் ஓடுகிறது. நூறு வருஷம் கழித்து, 1963 நவம்பரில், தும்பா கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட்டை விட்டதற்கும் இதே கோடுதான் காரணம். கால்டிகாட் 1849-இல் காலமானார். காலியான நாற்காலிக்கு 1852 ஜனவரியில் வந்து சேர்ந்தவர்தான் நம் ப்ரௌன். ஸ்காட்லாந்தில் மேக்கர்ஸ்டன் என்ற இடத்தில், பிரிஸ்பேன் துரை சொந்தச் செலவில் வைத்திருந்த காந்த நிலையத்தில் முள்ளைப் பார்த்துத் தேறிய கை. ஆஸ்திரேலியாவில் ஒரு நகரத்துக்கே பெயர் கொடுத்த துரை அவர். இங்கே திருவிதாங்கூரில் அப்போது உத்திரம் திருநாள் மகாராஜா, கும்பினியின் ரெசிடெண்டு துரை ஜெனரல் கல்லன்.

வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். கடற்கரைப் பட்டணம், இளநீர், மீன், ராஜாங்கச் சம்பளம். மணிக்கொருதரம் முள்ளைப் பார்த்துக் குறித்துவிட்டுக் கிடந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் ப்ரௌனுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கீழே ஆடுகிற மாதிரிதான் முள் மேலேயும் ஆடுமா? உயரம் கூடினால் ஆட்டம் மாறுமா? வெறும் சந்தேகம்தான். ஆனால் சந்தேகம் வெள்ளைக்காரனுக்கு வந்தால் சும்மாடு நம்முடைய தலைக்கு வரும்.

திருவனந்தபுரத்திலிருந்து வடகிழக்கே பார்த்தால் அகத்தியர்மலை தெரியும். காக்கை பறக்கிற கணக்கில் சுமார் 22 மைல். உயரம் அன்றைய கணக்கில் சுமார் 6,200 அடி, இன்றைய கணக்கில் 1,868 மீட்டர். தெரிகிற மலையெல்லாம் பக்கத்து மலை என்று நினைப்பதுதான் முதன்முதலாகக் காட்டுக்குப் போகிற எவனுக்கும் முதல் சறுக்கல். காக்கைக்கு 22 மைல். சுமை தூக்குகிறவனுக்கு அது எத்தனை என்று அவன் பிடரியைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கு முன்னால், 1816 முதல் 1820 வரை, வார்டு, கானர் என்று இரண்டு லெப்டினன்டுகள் திருவிதாங்கூர் முழுவதையும் அளந்து எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் அளந்தார்கள், நகர்ந்தார்கள். ப்ரௌன் அங்கே குடியிருக்கப் போகிறார். உச்சியில் ஒரு கட்டடம் கட்டி, அதற்குள் காந்தத்தைத் தொங்கவிட்டு, ஆட்களை உட்காரவைத்து, கீழே திருவனந்தபுரத்தில் முள்ளைப் பார்க்கிற அதே நேரத்தில் மேலேயும் பார்க்க வேண்டும்.

வழியைக் கொஞ்சம் சொல்கிறேன். அடிவாரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஈற்றல் புதர். ஈற்றல் என்றால் ஆனைக்குப் பலகாரம். அதற்கு மேலே வெயில் தரை தொடாத சோலைக்காடு. அங்கே அட்டை. இலை நுனியில் நிமிர்ந்து நின்று, சூடு பட்டதும் தலையை நீட்டும். உப்பு, புகையிலை, சுண்ணாம்பு என்று எதைத் தடவினாலும் ஒரு ஓடையைக் கடந்ததும் எல்லாம் கழுவிப் போய்விடும், மறுபடியும் முதலிலிருந்து. அது கடித்தது தெரியாது, காலில் ரத்தம் வழிவதுதான் தெரியும். சோலையைத் தாண்டினால் காற்று அறைந்து அறைந்து இடுப்புயரத்துக்குக் குறுக்கிவிட்ட மரங்கள். அப்புறம் வெறும் பாறை. இன்றைக்கும் கயிறு பிடித்துத்தான் ஏறுகிறார்கள். ஆனியாடிச் சாரல் மேற்கே இருந்து அறையும். ஐப்பசி மழை கிழக்கே இருந்து அறையும். இரண்டுக்கும் நடுவில் மஞ்சு. புலி, கரடி, மிளா, காட்டுமாடு எல்லாம் அவரவர் வீட்டில் இருந்தன. வேற்றாள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் காட்டுக்குள் போகிறவன் கையில் முதலில் எதை எடுப்பான்? வெட்டோத்தியை. வழி வெட்ட, விறகு பிளக்க, ஆபத்துக்கு ஒரு தைரியத்துக்கு. ஆனால் காந்த நிலையத்தின் முதல் சட்டமே இரும்பு கூடாது என்பதுதான். முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு இரும்பு இருந்தாலும் அது பூமியை விட்டுவிட்டு அந்தத் துண்டைப் பார்க்கத் திரும்பிவிடும். ஆகவே இப்படிப்பட்ட கட்டடங்களில் ஆணி என்றால் செம்பாணி, இல்லாவிட்டால் மரமுளை. உள்ளே போகிறவன் கத்தி, சாவி, எல்லாவற்றையும் கழற்றித் தள்ளி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். நம்மூர் ஆள் மடியில் வெற்றிலைச் செல்லத்தோடு பாக்குவெட்டி இருக்குமே, அதற்கும் தடை.

இங்கேதான் எனக்கு ஒரு காட்சி தெரிகிறது. எந்த ஏட்டிலும் இது இல்லை, என் கற்பனைதான். ஆனால் இப்படி ஒன்று நடக்காமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியாது.

"தொரே, வெட்டோத்தியையுமா வச்சிட்டுப் போணும்?"

"யெஸ்."

"ஆன வந்தா?"

தொரை யோசிக்கிறார். ஆனையின் உடம்பில் முள்ளை இழுக்கிற இரும்பு கிடையாது. அறிவியல்படி ஆனை உள்ளே வரலாம்.

"ராத்திரி யட்சி வந்தா?"

இது ஆனையைவிடக் கனமான கேள்வி. கள்ளியங்காட்டு நீலியின் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது. பேய்க்கும் யட்சிக்கும் இரும்பு ஆகாது. இருட்டில் போகிறவன் கையில் ஒரு ஆணியாவது வைத்துக்கொள்வது பழக்கம். அவ்வளவு உயரமான, இருட்டான, மனுஷ வாடையில்லாத இடத்துக்குக் கூட்டிப் போய், இருக்கிற ஒரே காப்பையும் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போ என்றால் எப்படி? ஒரு பக்கம் பூமியின் காந்தம், மறுபக்கம் யட்சி. இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை. இரண்டும் இருப்பதாகப் பெரியவர்கள் சொல்கிறார்கள். ஒன்றுக்குச் சம்பளம் உண்டு என்பதுதான் வித்தியாசம்.

1855-இல் உச்சியில் நிலையம் வந்தே விட்டது. பூமியைச் சமன் செய்ய முன்னே ஒருத்தர் போனார். போட்ட கணக்கு சரியாக நிற்கிறதா என்று தணிக்கை பண்ணப் பின்னே ஒருத்தர் போயிருக்கிறார் என்று அகத்தியரைக் குருவாகக் கும்பிடுகிற காணிக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அங்கே நடந்த வேலை என்ன என்று தெரிந்தால் இன்னும் சிரிப்பு வரும். முறுக்கில்லாத பட்டு நூலில் ஒரு காந்தக் கட்டை தொங்கும். காற்று படக் கூடாது என்று பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கும். சற்றுத் தள்ளி ஒரு சிறு தொலைநோக்கி. அதன் வழியாக அளவுகோலின் கோட்டைப் பார்த்து எண்ணைக் குறிக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அந்தக் கட்டை நகர்வது ஒரு பாகையை அறுபதாக வகுத்தால் அதில் சில பங்கு. தாலுகா கச்சேரியில் கோப்பு நகர்கிற வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மணிக்கு மணி, ராத்திரியும் பகலும், கீழே உள்ள கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்துக் குறிக்க வேண்டும். வெளியே மரத்தை முறிக்கிற காற்று. உள்ளே விளக்கு அணையாமல் இருக்க வேண்டும், மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்காமல் இருக்க வேண்டும், கை நடுங்காமல் இருக்க வேண்டும். புறப்படும்போது கட்டியிருந்த வேட்டி துண்டு திருவனந்தபுரத்துப் புழுக்கத்துக்கு நெய்தது.

இதையெல்லாம் செய்தது யார்? ப்ரௌன் வருவார், போவார். அவருக்குக் கீழே ஆயிரம் ஜோலி. உட்கார்ந்து பார்த்தவர்கள் அவர் பழக்கிவிட்ட நம்மூர் உதவியாளர்கள். முகாமுக்குப் போன முதல் நாள், மழை விட்டு வானம் வெளுத்து, கிழக்கே தாமிரபரணிப் பக்கமும் மேற்கே கடலும் ஒரே நேரத்தில் தெரிந்தபோது அவர்களும் வாய் பிளந்திருப்பார்கள். அடுத்த மணி அடித்திருக்கும். உள்ளே போய் எண்ணைக் குறித்திருப்பார்கள்.

அதே 1855-இல் கீழே என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். திருவிதாங்கூரின் கஜானா ஓட்டைப்பானை. ஆட்சி சரியில்லை, திருந்தாவிட்டால் ராஜ்யத்தையே எடுத்துக்கொள்வோம் என்று டல்ஹௌசி பிரபு காலத்துக் கும்பினி சர்க்கார் மிரட்டிய வருஷம் அது. அடிமைகளை விடுவித்து 1853-இல் ஒரு விளம்பரம் போட்டு, போதாமல் 1855-இல் இன்னொன்றும் போட்டார்கள். அந்த ராஜ்யம்தான் மலை உச்சியில் முள்ளுக்கு வீடு கட்டியது. 1859-க்கு வாருங்கள். தோள்சீலைக் கலவரத்தில் நாஞ்சில் நாட்டுச் சந்தையும் தெருவும் கொதித்தன. மார்பை மூட நாடார் பெண்கள் அடி வாங்கி, துணி கிழிபட்டு, கடைசியில் அந்த வருஷம் அரசாணை வந்தது. மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி மூடக் கூடாது என்று அதிலும் ஒரு கொக்கி. காந்தத்துக்கு மட்டும் எந்த நிபந்தனையும் இல்லாமல் மூடி கிடைத்தது. எங்கள் ஊரில் பிறந்த யாரும் இந்த இடத்தில் சிரிக்க மாட்டார்கள். நானும் நகர்ந்துவிடுகிறேன்.

ப்ரௌனுக்குக் கீழே ஜோலி என்றேனே. 1857-இல் திறந்த திருவனந்தபுரம் அருங்காட்சியகம் அவர் முயற்சி, ஜெனரல் கல்லனின் ஆதரவு. 1859-இல் அதோடு மிருகக்காட்சிச் சாலையும் சேர்ந்தது. காட்டில் மிருகங்கள் நடுவே இவர்கள் போய்க் கூண்டு மாதிரி ஒரு அறையில் உட்கார்ந்தார்கள். ஊரில் இவர்கள் நடுவே மிருகங்கள் கூண்டில் வந்து உட்கார்ந்தன. கணக்கு நேர். கல்லனுக்குச் செடி கொடியிலும் மழைக் கணக்கிலும் பித்து உண்டு. அவர் பேரை ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் இந்த மலைகளில் நிற்கிற வெடிப்பலா மர இனத்துக்கு வைத்தார்: கல்லேனியா. முள்ளு முள்ளாகக் காய்க்கும். சிங்கவால் குரங்குக்கு அது இல்லாவிட்டால் சாப்பாடு இல்லை. இருபது வருஷம் ஒரு ராஜ்யத்தையே ஆட்டிவைத்த ரெசிடெண்டு துரையை இன்றைக்குத் தினமும் நினைக்கிறவை அவைதான்.

மலை மட்டும் யாரையும் மதிக்கவில்லை. ப்ரௌன் இடையில் ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பியபோது உச்சி நிலையம் சீரழிந்து கிடந்தது. மறுபடி எழுப்பினார். 1865-இல் ஒரேயடியாக மூட்டை கட்டினார். 1874-இல் லண்டனில் அவருடைய பெரிய புத்தகம் வெளியாயிற்று. மகாராஜாவின் நிலையங்களில், திருவனந்தபுரத்திலும் அகத்தியர்மலையிலும் எடுத்த காந்த அளவுகள், 1852 முதல் 1869 வரை என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறது. தொரை போனது 1865-இல். அளவுகள் நிற்பது 1869-இல். நடுவில் உள்ள நாலு வருஷம் முள்ளைப் பார்த்தது யார் என்று அட்டையில் இடம் இல்லை. ப்ரௌன் 1879-இல் லண்டனில் காலமானார்.

மலை அதற்கப்புறமும் அறிவியலாளர்களை விடவில்லை. 1987-இல் புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு தாவர ஆய்வுக் குழு அகத்தியர்மலைக் காட்டுக்குள் போயிற்று. வழிகாட்டக் கூட வந்தவர்கள் காணிக்காரர்கள். படித்தவர்கள் பாதி ஏற்றத்தில் நாக்குத் தள்ளி உட்கார, காணிக்காரர்கள் ஏதோ ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு சளைக்காமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். கொடுத்ததைத் தின்று பார்த்தவர்களுக்கும் தெம்பு வந்தது. என்ன பழம் என்று கேட்டால், அது குடிகளுக்குள் இருக்கிற விஷயம், வெளியே சொல்வதற்கில்லை என்று முதலில் மழுப்பினார்கள். அப்புறம் செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரப் பூங்கா ஆய்வு நிலையம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தைச் செய்தது; கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் 2 சதவீத உரிமைத்தொகைக்கும் உரிமம் போயிற்று; வந்ததில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி 1997-இல் ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. காட்டறிவுக்குப் பங்கு கொடுத்த முதல் சில ஏற்பாடுகளில் ஒன்று என்று உலகம் பேசியது. அனுமார் செடி தெரியாமல் மலையைத் தூக்கினார். கூட ஒரு காணிக்காரர் போயிருந்தால் ஒரு கொத்தோடு காரியம் முடிந்திருக்கும்.

1956 நவம்பர் 1-இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். மலை எல்லைக்கோட்டில் நின்றது. தமிழ் முனிவரைப் பார்க்க வேண்டுமானால் நாகர்கோவில்காரன் இப்போது கேரள வனத்துறையிடம் அனுமதி வாங்கி, போணக்காடு வழியாக, ஜனவரி முதல் மார்ச் வரையிலான சீசனில் போக வேண்டும். நடுவில் அதிருமலையில் ராத்தங்கல். 2001-இல் அகத்தியர்மலை உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது, 2016-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிற்று. எங்கள் மாவட்டத்துக் காடும் அதில் அடக்கம். 2008-இல் எங்களுக்கென்று கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயமும் வந்தது, 402 சதுர கிலோமீட்டர். உச்சிக்குப் பெண்கள் போகக் கூடாது என்று வெகுகாலம் இருந்தது. நீதிமன்றம் தலையிட்டு 2019 ஜனவரியில்தான் வழி திறந்தது. அகத்தியர் பிரம்மச்சாரி, அதனால் தடை என்று ஒரு கட்சி. லோபாமுத்திரை என்று ஒரு பெண்டாட்டி அவருக்கு இருப்பது அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை போலும்.

ஏறுகிறவர்கள் பையைச் சோதனைச் சாவடியில் இப்போதும் கொட்டிப் பார்க்கிறார்கள். இரும்பைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. பிளாஸ்டிக் இருந்தால்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.